மடியில் விழாத சிப்பி

அந்த அக்காவிடம் எதையும் ‘சுமாராக எவ்வளவு’ என்று கேட்க முடியாது. வத்தலக்குண்டு பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால், “நேத்து எட்டே முக்காலுக்கு வந்துச்சு. இன்னைக்கு நான் என்னத்தைக் கண்டேன்?” என்பாள். குளத்தில் இந்த வருடம் மீன் எப்படி என்று கேட்டால், “நான் வலை போடல. போட்டவுகளைக் கேளு தாயி” என்பாள். ஒருமுறை அவள் வயதைக் கேட்டேன். “பொறந்தப்ப நான் எண்ணலையே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, மூக்கு நுனியில் கோபம். முதல் மாதம் முழுக்க அவள் பதில்களைக் கேட்டு எரிச்சல்தான் வந்தது.

அவள் வேலை குளத்தில் சிப்பி பொறுக்குவது. என் வேலை அவள் பொறுக்கியதை நோட்டில் எழுதுவது. சிப்பி என்றதும் பலருக்குக் கடல்தான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்துக் குளங்களிலும் உண்டு. உள்ளங்கை அகலம் இருக்கும், கறுத்த ஓடு, சேற்றில் பாதி புதைந்து கிடக்கும். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் வழியில், ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே இருந்தது அந்தக் குளம். ஏழு குடும்பங்கள் அதை நம்பி இருந்தன. ஆண்கள் வலை போடுவார்கள். கோடையில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் பெண்கள் இறங்கி, காலால் சேற்றைத் தடவிச் சிப்பி எடுப்பார்கள். கறி வீட்டுக்கு, ஓடு சுண்ணாம்புக் காளவாசலுக்கு.

தொண்ணூறுகளின் நடுவில், கோழித் தீவனத்தில் கலக்க ஓடு வேண்டும் என்று லாரி வந்தது. லாரியோடு வெளியூர் ஆட்கள் இரும்பு வாரிகளைக் கொண்டுவந்து இழுத்தார்கள். உள்ளூர்க்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை, சேர்ந்துதான் அள்ளினார்கள். இரண்டு கோடை அப்படிப் போனது. மூன்றாவது கோடையில் இறங்கியவர்களின் காலில் வெறும் சேறுதான் பட்டது.

அப்போதுதான் நான் படித்த கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் அங்கே போய்ப் பேசினார். ஏழு குடும்பமும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். சிப்பி எடுப்பதை நிறுத்துவது. வருடா வருடம் பங்குனியில் முப்பது இடத்தில் மூங்கில் சதுரத்தைப் போட்டு, அதற்குள் கிடக்கும் சிப்பியை எண்ணுவது. முப்பது சதுரத்திலும் சேர்த்து அறுபது தேறினால் குளத்தைத் திறந்துவிடலாம், தேறாவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். எண்ணுவது யார்? அதே பெண்கள்தான், நாலு பேர்; எழுதுவதற்கு, அப்போதுதான் படிப்பை முடித்திருந்த நான். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பதாகக் கல்லூரியிலேயே கேலி பேசினார்கள். அந்த அக்காவை ஒரு நாள் பார்த்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

அவள் வீட்டுக் கொல்லைக்குள் பக்கத்து வீட்டுக் கொய்யாக் கிளை நீட்டிக்கொண்டிருந்தது. பழம் இந்தப் பக்கம் விழும். நாமாக இருந்தால் எடுத்துத் தின்றுவிடுவோம். இவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துடைத்து, சுவர்மேல் வரிசையாக அடுக்கி வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு அது குத்திக்காட்டுவது மாதிரி இருந்திருக்கிறது. “தின்னா தின்னுட்டுப் போ, எதுக்கு இப்படிக் கடை பரப்புற?” என்று ஒருநாள் சண்டைக்கு வந்துவிட்டாள். அக்கா பதிலுக்குக் கத்தவில்லை. “உன் மரத்துது உனக்கு” என்றாள். மறுநாளும் அடுக்கினாள். அவளோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை என்று எனக்கு அன்றைக்கே பட்டது.

அவள் வீட்டுக்காரர் நேர் எதிர். வாய் ஓயாத மனிதர். கால் கிலோ கெண்டை பிடித்தால் ஒரு கிலோ என்பார். என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிடுவார், நான் டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும். அவர் பேசும்போது அக்கா குறுக்கே, “முக்காக் கிலோ அவரா சேத்துக்கிட்டது” என்று என்னைப் பார்த்துச் சொல்வாள். அவரும் சிரிப்பார். அந்த வீட்டில் சந்தோஷம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், இருந்தது.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்கு எனக்கு ஒரு கிண்ணம் வைத்தாள். பக்கத்து ஊர்க் குளத்தில் அவள் தங்கச்சி எடுத்துக் கொடுத்த சிப்பியில் செய்த வெஞ்சனம். வாசனை ஆளைத் தூக்கியது. ஆனால் எங்கள் வீட்டில் சிப்பி தின்பது ஆகாது. தோல் ஷாப்பில் வேலை பார்த்த அத்தா மார்க்க விஷயத்தில் கறார். எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி, “எங்கள்ல இது ஆகாதுக்கா” என்றேன். அவள் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

“ஆகாதுன்னா ஆகாது. அதுக்கு எதுக்கு இம்புட்டு யோசிக்கிற?” என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மோர் ஊற்றினாள்.

ஏன் ஆகாது என்று அவள் கேட்கவேயில்லை. பிறத்தியார் வழக்கத்தைத் தோண்டிக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று அவள் நினைத்தாள், நானும் நினைத்தேன். இப்போது யோசித்தால், கேட்டிருக்க வேண்டியது நான்தான்.

எண்ணும் நாளில் அவளைப் பார்க்க வேண்டும். மூங்கில் சதுரத்தைத் தண்ணீரில் அழுத்திவிட்டு உள்ளே நிற்பாள். கண் சிறுமலைப் பக்கம் எங்கேயோ இருக்கும், வலது கால் மட்டும் சேற்றுக்குள் போய்வரும். சட்டென்று குனிவாள். ஈரக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒற்றிக்கொண்டு, மறுபடி குனிவாள். பிறகுதான் மடியில் ஒவ்வொன்றாக விழும். முடித்ததும், “ரெண்டு” என்றோ “ஒண்ணு” என்றோ “இல்ல” என்றோ கரையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். நான் எழுதுவேன். மடியில் இருப்பதைத் திரும்ப அதே இடத்தில் விட்டுவிட்டு அடுத்த சதுரத்துக்குப் போவாள். மற்ற மூன்று பெண்களும் அப்படியே. நெற்றியில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்தபோது கும்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். கும்பிடுவதை எழுத என் நோட்டில் கட்டம் கிடையாது.

எடுத்து மடியில் போடுவதை மட்டும் எண்ணிச் சொல்லுங்கள் என்பது பேராசிரியர் சொல்லிக் கொடுத்தது. யாரும் கண்ணால் பார்த்ததை, காலில் பட்டதாக நினைத்ததை எல்லாம் சேர்த்துவிடக் கூடாதே என்பதற்காக அவர் சொன்னார். அதை வேத வாக்காகப் பிடித்துக்கொண்டவள் அந்த அக்காதான்.

முதல் வருடக் கணக்கில் ஒன்றுமே தேறவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டாவது பங்குனியில்தான் எல்லாரும் கரையில் வந்து நின்றார்கள். இரண்டு வருடமாகச் சிப்பி ஓடு விற்ற காசு இல்லை. மீனும் அந்த வருடம் சரியில்லை. இரண்டு குடும்பம் செங்கல் சூளைக்குப் போவதாகப் பேசிக்கொண்டிருந்தது. முப்பது சதுரத்தையும் முடித்து நான் கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்று.

அக்காவின் வீட்டுக்காரர்தான் பேச்சை எடுத்தார்.

“ஏ இவளே, முப்பது சதுரம் இருக்குல்ல? சதுரத்துக்கு ஒண்ணு கூட்டிச் சொன்னா முடிஞ்சுது சோலி. தண்ணிக்குள்ள வந்து எவன் பாக்கப் போறான்?”

“மடியில விழாததை எப்படிச் சொல்ல?” என்றாள் அக்கா.

“விழுந்துச்சுன்னு சொல்லு. ஊரே பட்டினி கெடக்கு. ஒரு ஒண்ணு, ஒரே ஒரு ஒண்ணு.”

“பொய் சொல்லச் சொல்றியளா?”

“ஆமா, சொல்லு. டீச்சர், நீங்களாச்சும் எழுதிக்கங்க.”

நான் எழுந்து நின்றேன். கூட்டத்துக்கு முன்னால், நல்ல சத்தமாக, “பொய்க் கணக்குக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அக்கா சொல்றதுதான் கணக்கு” என்றேன். எனக்கு அவளைப் பற்றி அவ்வளவு பெருமையாக இருந்தது. என்னைப் பற்றியும்தான். அவர் என்னைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே அவருக்கு ‘ஒண்ணு கூட்டி’ என்று பட்டப்பெயர் விழுந்தது. டீக்கடையில் ஒருவன், “ஒண்ணு கூட்டி வந்துட்டாருப்பா, டீயில ஒண்ணு கூட்டிப் போடு” என்பான். பெண்கள் குழாயடியில் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன். எந்தக் கேலிக்கும் முன்னால் நின்று சிரிக்கிற மனிதருக்கு இது மட்டும் தாங்கவில்லை. சித்திரை முடிவதற்குள் திருப்பூருக்குச் சாயப்பட்டறை வேலைக்குப் போய்விட்டார். போகும்போது அக்காவிடம் ஒன்று மட்டும் சொன்னாராம்: “ஊரு முன்னாடி என்னயப் பொய்யனாக்கிட்ட. தப்பு உன் பேர்லன்னு உனக்கு என்னைக்குத் தோணுதோ அன்னைக்கு வந்து கூப்பிடு, வாரேன்.”

அவள் கூப்பிடப் போகவில்லை. குளக்கரையில் ஒருநாள் நானே கேட்டேன், போய்க் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன என்று.

“தப்பு எம்பேர்லன்னா இன்னைக்கே பஸ் ஏறிப் போயி அவரு கால்ல விழுந்துருவேன் தாயி. எனக்கென்ன வெக்கம்? ஆனா தப்பு எம்பேர்ல இல்லையே. இல்லாததை இருக்குன்னு போயி எப்படிச் சொல்ல?”

சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது பங்குனியில் எண்ணும் பெண்களில் ஒருத்தி வரவில்லை. அவள் குடும்பம் சூளைக்குப் போயிருந்தது. ஆள் குறைந்ததால் நோட்டைக் கரையில் நின்ற, எழுதத் தெரிந்த ஒரு சிறுமியிடம் கொடுத்துவிட்டு நானே சுடிதாரைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அம்மா பார்த்திருந்தால் அன்றைக்கே எனக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். அக்காவுக்குப் பக்கத்துச் சதுரம் என்னுடையது. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவள் குனிந்தாள். நல்ல பெரிய சிப்பி ஒன்றை எடுத்தாள். நெற்றியில் ஒற்றினாள். சதுரத்துக்கு வெளியே மெதுவாக விட்டாள். மறுபடி குனிந்து இரண்டு எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, கரையில் நோட்டோடு இருந்தவளைப் பார்த்து, “ரெண்டு” என்றாள்.

“அக்கா, மூணுல்ல?”

“ரெண்டுதான்.”

“மொதல்ல ஒண்ணு எடுத்து வெளிய விட்டீங்களே?”

“அது குளத்துக்கு.”

“எல்லாச் சதுரத்துலயுமா?”

“காலு வைக்கிற எடத்துலயெல்லாம் மொதக் கையி குளத்துக்குத்தான். பெறகு என்ன, அம்புட்டையும் நாமளே அள்ளிக்கிறதா?”

“போன வருசமும் இப்படித்தான் விட்டீங்களா? நாலு பேரும்?”

“எங்க ஆத்தா காலத்துலருந்து இப்படித்தான். எதுக்குக் கேக்குற?”

“ஏன்க்கா சொல்லல?”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “குடுத்ததை எண்ணக் கூடாது தாயி. மடியில விழுறதைத்தான சாரு சொல்லச் சொன்னாரு?”

நான் கரையேறிப் போன வருட நோட்டை எடுத்தேன். கை ஈரத்தில் தாள் ஒட்டியது. நாற்பத்தொரு சிப்பி எங்கெங்கே கிடைத்தது என்று பார்த்தேன். இருபத்திரண்டு சதுரத்தில் கிடைத்திருந்தது. அந்த இருபத்திரண்டிலும் குளத்துக்கு ஒன்று போயிருக்கிறது. அதைச் சேர்த்தால் அறுபத்து மூன்று. ‘இல்ல’ என்று எழுதிய எட்டுச் சதுரத்தை நான் தொடக்கூட இல்லை, அங்கே எத்தனை இருந்தன என்று யாருக்குத் தெரியும்? போன பங்குனியிலேயே குளம் திறந்திருக்க வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் ஒன்று கூட்டச் சொன்னாரே, அந்த ஒன்று இருந்தது. அவருக்கும் அந்த வழக்கம் தெரியும், அதே குளக்கரையில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் குளத்துக்குக் கொடுத்ததைக் கணக்கில் சேர்க்கலாம் என்று அவருக்கே தோன்றவில்லை. பொய் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டே உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

மறுநாள் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். நோட்டை வாங்கிச் சதுரம் சதுரமாக அவரே கூட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். அந்தக் குடும்பங்களுக்காக நிஜமாகவே அலைந்தவர்.

“போன வருச ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போயிருச்சேம்மா. இப்ப மாத்துனா, மீன் புடிக்கிறவங்ககிட்ட எண்ணச் சொன்னா இப்படித்தான் ஆகும்னு சொல்லிருவாங்க. இனி எந்தக் குளத்துலயும் இவங்களை நம்பி இறக்க மாட்டாங்க. இந்த வருசத்துலருந்து சரியா எழுதிக்குவோம். நடந்தது நடந்தது. வெளிய சொல்லிக்க வேணாம்.”

சரி சார் என்றேன். அடுத்த மாதம் அவர் பார்த்துக்கொடுத்த லேப் வேலைக்கு ஆர்டர் வரவேண்டியிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சதுரங்களை மறுபடி முதலிலிருந்து எண்ண வைத்தோம். முதல் சிப்பியையும் சேர்த்துச் சொல்லச் சொன்னதற்கு அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு வழி செய்தேன். நான் தண்ணீரிலேயே அவர்கள் பக்கத்தில் நின்றேன். அவர்கள் நெற்றியில் ஒற்றும்போதெல்லாம் நான் ஒரு கோடு போட்டேன். அவர்கள் மடியில் விழுந்ததை மட்டும் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துக் கூட்டியதில் அறுபது தாண்டி எங்கேயோ போனது. குளம் திறந்தது. ஏழு குடும்பத்தில் மிச்சமிருந்தது நாலுதான்.

அவள் வீட்டுக்காரர் திரும்பி வரவேயில்லை. சில வருடங்கள் கழித்து, திருப்பூரில் நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் இறந்துபோனதாகச் சேதி வந்தது. அவள் போய்ச் சேர்வதற்குள் அங்கேயே எரித்துவிட்டார்களாம். அப்போது நான் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தேன். யாரோ சொல்லித்தான் தெரியும். துக்கம் கேட்கக்கூட நான் போகவில்லை. போகிற யோக்கியதை எனக்கு இல்லை.

அதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். குளம் திறந்து அப்போது பத்து நாள் இருக்கும். காலையில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரே அக்கா வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை, மாற்றுப் புடவை எட்டிப் பார்த்தது.

“உன்னயப் பாக்கத்தான் மொத பஸ்ஸுக்கே வந்துட்டேன் தாயி. ஒரு சங்கதி கேக்கணும்.”

“சொல்லுங்கக்கா.”

“இந்த வருசம் நாங்க குளத்துக்கு விட்டதையும் நீ எழுதுன. தொறந்துட்டாக. பத்து நாளா எனக்குத் தூக்கம் இல்ல. போன வருசமும் அதை எழுதியிருந்தா அப்பவே தொறந்துருப்பாகளா?”

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: “அப்படின்னா அவரு சொன்னது பொய் இல்லையே. தப்பு எம்பேர்லதான. அந்தா நிக்கிது திருப்பூர் பஸ்ஸு. நீ ஆமான்னு சொன்னா இப்படியே ஏறிருவேன்.”

ஆமாம் என்று சொல்ல அரை நொடி போதும். எனக்குப் பேராசிரியர் முகம் வந்தது. ஆர்டர் வந்தது. இவள் போய் அங்கே சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று வந்தது. இன்னொன்றும் வந்தது. உன்னால்தான் உன் புருஷன் போனார் என்று இந்த மனுஷியிடம் சொல்வதா என்று. பல வருடம் அந்தக் கடைசிக் காரணத்தைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“இல்லக்கா. அதைச் சேத்திருந்தாலும் பத்தியிருக்காது.”

“எம்புட்டுக் குறைஞ்சிருக்கும்?”

அவள் அப்படித்தான் கேட்பாள். எண்ணிக்கை வேண்டும் அவளுக்கு.

“அஞ்சு” என்றேன்.

“அஞ்சா” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படவெல்லாம் தெரியாது அவளுக்கு. ஒருத்தர் வாயிலிருந்து ஓர் எண் வந்தால் அதை எண்ணிப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறவள்.

வத்தலக்குண்டு பஸ் வந்து நின்றது. அவளும் என்னோடு ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இப்பத்தான் தாயி மனசு ஒரு நெலைக்கு வந்துச்சு” என்றாள்.

ஊர் தாண்டியதும், பத்து நாள் தூக்கமோ என்னவோ, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். குளத்து ஸ்டாப்பில் நான்தான் அவளை எழுப்பி இறக்கிவிட்டேன்.